சனிக்கிழமையில ஒரு மணித்தியாலம்

ஒட்டுசுட்டான்,
முல்லைத்தீவு.

அன்பு மகனுக்கு,

நாங்கள் எல்லாரும் நல்ல சுகம். உன்ர, மருமகளின்ர, பேத்தியின்ர சுகத்துக்குத் தான்தோன்றீஸ்வரரை வேண்டிக்கொள்ளுறன். போனில எண்டால் லைன் விட்டு விட்டு வருது. இது ஆறுதலாச் சொல்லவேண்டிய விசயம் எண்டபடியால் எழுதுறன்.

கனடாவில உங்கட கொம்பனி வருசத்தில சில நாள் சம்பளத்தோட தொண்டு வேலைக்கு விடுகுது எண்டு சொன்னாய். அதோட லீவையும் சேர்த்துக்கொண்டு ஊருக்கு வந்து பள்ளிக்கூடத்துக்குப் பெயின்ற் அடிக்கட்டோ, இல்லாட்டி எங்கட பெண்கள் சங்கத்துக்குக் காசு அனுப்பட்டோ எண்டும் கேட்டாய். ரெண்டும் வேண்டாம் ராசா. பெயின்ற் அடிக்க இஞ்சை ஆக்கள் இருக்கினம், அந்த நாட்கூலி அவைக்கு வேணும். காசு வந்தால் ஒரு மாதத்தில கரைஞ்சுபோம். நீ அங்க சம்பளம் வாங்கிச் செய்யிற வேலை இருக்கெல்லோ, விலை போடுறது, செலவைப் பிரிச்சுப் பாக்கிறது, கடைக்காரரோட ஒப்பந்தம் பேசுறது, அதுதான் எங்களுக்கு வேணும்.

எங்கட சங்கத்தில செய்து விக்கிற மிளகாய்த்தூளையே எடு. செத்தல் மிளகாய், மல்லி, சீரகம், பெருஞ்சீரகம், மிளகு எல்லாத்தின்ர விலையும் கொப்பியில இருக்கு. பைக்காசையும் கூட்டி, அதுக்கு மேல கொஞ்சம் வைச்சு விக்கிறம். மாத முடிவில கொப்பி லாபம் காட்டும், பெட்டியில அந்தக் காசு இராது. எங்க போகுது எண்டு எனக்கு விளங்குது. வாங்கேக்க இருந்த நிறை, காம்பு நுள்ளி, காயவைச்சு, வறுத்து, இடிச்சு முடியேக்க இருக்காது. விறகு பக்கத்துக் காட்டில பொறுக்கினது எண்டு அதுக்கு விலையே இல்லை. விடியக் காலமையில இருந்து அடுப்படியில நிண்ட மூண்டு பேரின்ர கூலியை ஆரும் எழுதுறேல்லை. மாங்குளச் சந்திக்குக் கொண்டுபோற ஓட்டோக் காசு, மாரிக்குள்ள ஈரம் பிடிச்சுத் திரும்பி வாற பக்கற், இதுகளும் இல்லை. ஆனால் ஒவ்வொண்டும் எவ்வளவு தின்னுது எண்டு பிரிச்சு, கூட்டத்தில எல்லாருக்கும் விளங்கிறமாதிரி வைக்க எங்களில ஆருக்கும் படிப்பில்லை. இலங்கைக்குச் செத்தல் மிளகாயில பெரும்பங்கு இந்தியாவில இருந்துதான் வாறது. 2022 இல டொலர் ஏறேக்க அதின்ர விலை எங்கையோ போச்சுது, எங்கட பக்கற் விலை அப்பிடியே நிண்டுது. விலையைக் கூட்டினால் ஆக்கள் வாங்காயினம் எண்ட பயம். எவ்வளவு கூட்டினால் தாங்கும் எண்டு பாக்கிறது உன்ர தொழில்.

உதவி எண்டு இஞ்சை வராத ஆக்கள் இல்லை. சண்டை முடிஞ்சு, நாங்கள் செட்டிகுளம் அகதி முகாமில இருந்து திரும்பி வந்து தறப்பாளுக்குக் கீழ இருந்த காலத்தில வீட்டுக்கு வீடு தையல் மெசினும் கோழிக்குஞ்சும் குடுத்தினம். குடுத்தவையின்ர மனசை நான் குறை சொல்லேல்லை. ஆனால் ஒரு ஒழுங்கையில பத்து வீட்டில மெசின் இருந்தால் தைக்கத் துணி கொண்டுவாறது ஆர்? அந்தக் கேள்வியை ஒருத்தரும் கேக்கேல்லை. பிறகு ஒரு திட்டத்தில எங்கட சங்கத்துக்குப் பெரிய அரைக்கிற மெசின் ஒண்டு வந்தது. அதுக்குத் திறீ பேஸ் கரண்ட் வேணும், எங்கட கட்டடத்தில அது இல்லை. இண்டைக்கும் சாக்குப் போட்டு மூடித்தான் கிடக்கு. ரெண்டு நாள் வகுப்பு வைச்சு, சேட்டிபிக்கற் குடுத்து, படம் எடுத்துக்கொண்டு போனவையும் உண்டு. அடுத்த மாதம் ஒரு சந்தேகம் கேக்க எங்களிட்ட ஒரு நம்பரும் இல்லை.

சந்தை இல்லாமல் பொருள் செய்த பெண்டுகள்தான் குழுக்கடனுக்குப் போனவை. கிழமைக் கிழமை கட்ட, அதைக் கட்ட இன்னொண்டு எடுக்க, கடன்காரர் படலையில நிக்க, என்ர கண்ணால பாத்தது கனக்க. 2018 இல வறட்சி பாதிச்ச மாவட்டங்களில பெண்களின்ர ஒரு லட்சம் ரூபாவுக்கு உட்பட்ட நுண்கடனை ரத்துச் செய்யிறம் எண்டு அரசாங்கம் அறிவிக்கிற அளவுக்கு அது முத்திப் போயிருந்தது. கணக்குத் தெரியிற ஒரு ஆள் பக்கத்தில இருந்திருந்தால், இந்த வட்டிக்கு இந்தத் தொழில் தாங்காது பிள்ளையள் எண்டு முதலே சொல்லியிருக்கும். அந்த ஆளா நீ இரு எண்டுதான் கேக்கிறன்.

இதில ஒண்டை மட்டும் வடிவா மனசில வைச்சுக்கொள். உன்ர கண்ணுக்கு முதல் தெரியிறது ஆள்கூலியாத்தான் இருக்கும். பக்கற் ஒட்ட நாலு பேர் என்னத்துக்கு, ஒரு சின்ன மெசின் போட்டால் ஒராள் காணுமே எண்டு நீ எழுதுவாய். உன்ர கொம்பனியில அது சரி. இஞ்சை பக்கற் ஒட்டுற மேசையில இருக்கிறவளுக்கு ஷெல்லில ஒரு கால் போனது. இருந்து செய்யக்கூடிய வேலை எண்டு ஊரில அவளுக்கு இது ஒண்டுதான். பக்கத்தில இருக்கிறவள் ரெண்டு பிள்ளையளோட தனிச்சவள். அவைக்கு வேலை வேணும் எண்டுதான் நாங்கள் மிளகாய்த்தூள் விக்கத் தொடங்கினது. அதாலை அந்த நாலு பேரையும் மாத்த ஏலாத எண்ணா வைச்சுக்கொண்டு, மிச்சத்தில எங்க மிச்சம் பிடிக்கலாம் எண்டு பார். பையை மொத்தமா எடுக்கலாமோ, மிளகாயை அறுவடை நேரம் இஞ்சத்தைய தோட்டக்காரரிட்ட நேர வாங்கிக் காயவைக்கலாமோ, முறிகண்டிக் கடையளில கைக்காசுக்கு விக்கிறது லாபமோ, இல்லாட்டிக் கடனுக்கு எடுத்து மாதக்கணக்கில காசு இழுக்கிற பெரிய கடைக்குக் குடுக்கிறது லாபமோ? இப்பிடியான கேள்வியள் எங்களிட்ட மலையாக் கிடக்கு.

முடிவு எங்கட கூட்டத்திலதான். உன்ர தாத்தா கூட்டுறவுச் சங்கக்கடை மனேச்சரா இருந்தவர். இங்கிலாந்தில ரொச்டேல் எண்ட ஊரில 1844 இல நெசவுகாரரும் மற்றத் தொழிலாளியளுமா 28 பேர் சேர்ந்து கடை திறந்ததையும், ஆர் எவ்வளவு பங்கு போட்டாலும் ஆளுக்கு ஒரு வாக்குத்தான் எண்டதையும் எங்களை இருத்திவைச்சுச் சொல்லுவார். இலங்கையில 1911 இலயே கூட்டுறவுக்குச் சட்டம் வந்திட்டுது. கூடி இருந்து கணக்குப் பாக்கிறது எங்கட ஆக்களுக்குப் புதிசில்லை, சண்டை அதை அறுத்துப்போட்டுது. அதாலை நீ சொல்லுறதை நாங்கள் கேப்பம், எல்லாத்தையும் ஏற்கமாட்டம். அதுக்குக் கோவிக்காதை.

உங்கட கனடாவிலயே 1967 இல இருந்து அனுபவசாலியளை வெளிநாட்டுத் தொழிலுகளுக்குத் தொண்டரா அனுப்புற அமைப்பு இருக்கு எண்டு நீதான் முந்திச் சொன்னனி. அங்க உன்னோட படிச்ச எங்கட பிள்ளையள் எத்தினை பேர். லேபல் கீறத் தெரிஞ்சவன், சட்டம் படிச்சவள், சாப்பாட்டுச் சாமான் இறக்குமதி செய்யிறவன். ஒவ்வொருத்தரையும் ஒவ்வொரு வேலைக்குக் கேள். கொழும்புக்குப் போற பக்கற்றில மூண்டு மொழியும் வேணும், நிறை, சேர்மானம், செய்த திகதி, முடியிற திகதி எல்லாம் வேணும். பெரிய கடை எண்டால் 479 இல தொடங்கிற பார்கோட்டும் கேக்கினம். இதுகள் தெரிஞ்சவனுக்கு ஒரு பின்னேர வேலை, எங்களுக்கு மாதக்கணக்கான அலைச்சல். ஒண்டு, எங்கட பெண்டுகளின்ர படத்தையும் கதையையும் பேஸ்புக்கில போடவேண்டாம் எண்டு அவையிட்டச் சொல்லு. தூள் நல்லது எண்டுதான் ஆக்கள் வாங்கவேணும்.

எனக்கு வயசு போகுது, பொருளாளர் கொப்பி நெடுக என்னட்ட இருக்க ஏலாது. ஏ.எல்லில வர்த்தகம் படிச்ச பிள்ளை ஒண்டைச் சேர்த்திருக்கிறம். அவளுக்குப் பழக்கு. நீ செய்து அனுப்பாதை, அவளைக்கொண்டு செய்வி. ஒரு வருசம் போக நீ இல்லாமலே அவள் விலை போடவேணும்.

சனிக்கிழமை உனக்குக் காலமை எட்டரை எண்டால், உங்கட கோடைக்கு எங்களுக்குப் பின்னேரம் ஆறு மணி. அடுப்பு வேலை முடிஞ்சு எல்லாரும் இருப்பினம். ஒரு மணித்தியாலம் காணும், ஆனால் விடாமல் வரவேணும். முதல் நாள் அவை சொல்லுறதை மட்டும் கேள். கொப்பியின்ர கடைசி மூண்டு மாதப் பக்கங்களைப் படமெடுத்து வட்ஸ்அப்பில அனுப்பச் சொல்லி அந்தப் பிள்ளையிட்டச் சொல்லியிருக்கிறன். அவளின்ர எழுத்து தெளிவு, உனக்கு விளங்கும். பாத்து, என்ன கேக்கவேணுமோ எழுதி வை.

அன்புள்ள,
அம்மா