பாலாரிஷ்டம் இல்லை, பதின்மூன்றாம் நம்பர்

ஆசிரியருக்கு வணக்கம்.

பிறந்த குழந்தைக்குக் குதிகாலில் குத்தி எடுக்கும் ரத்தப் பரிசோதனை பற்றிய கட்டுரை படித்தேன். நன்றாக இருந்தது, ஆனால் ரத்தம் உறைகிறதா என்று பார்ப்பதைப் பற்றி ஒரு வரிகூட இல்லையே!

என் பேரனுக்கு ஏழாம் நாள் தொப்புள்கொடி விழுந்தது, அன்று சாயங்காலமே கசிவு ஆரம்பித்துவிட்டது. கொட்டவில்லை, கசிவுதான், பழைய வேட்டியைக் கிழித்து மடித்து வைத்தால் அரை மணி நேரத்தில் எட்டணா அகலத்துக்குச் சிவப்பு, மாற்றினால் மறுபடியும் அதே. பிரசவம் பார்த்த இடத்தில் ரத்தம் உறைய எவ்வளவு நேரம் ஆகிறது என்று பார்க்கும் பி.டி., ஏ.பி.டி.டி. டெஸ்ட் இரண்டும் எடுத்து, எல்லாம் நார்மல், பவுடர் போடுங்கள் என்று அனுப்பிவிட்டார்கள். ரத்தம் உறைய உதவும் வைட்டமின் கே ஊசிதான் பிறந்த அன்றே போட்டாயிற்றே என்று நாங்களும் தைரியமாக இருந்தோம்.

மூன்றாம் நாள் வேறொரு டாக்டரிடம் போனோம். அவர் குழந்தையைத் தொடுவதற்கு முன்பே கேட்டார்: "சொந்தத்தில் கல்யாணமா? வீட்டில் பச்சைக்குழந்தை ஏதாவது தவறியிருக்கிறதா?" மகளை என் மச்சினனுக்கே கொடுத்திருக்கிறோம், என் மனைவியும் எனக்கு அத்தை பெண்தான். எங்கள் மூத்த பையன் நாற்பதாவது நாளில் தலைக்குள் ரத்தம் கசிந்து போனவன். அன்றைக்கு ஜாதகத்தைப் பார்த்து பாலாரிஷ்டம், பச்சைக்குழந்தையிலேயே உயிரைப் பறிக்கும் தோஷம் என்றார்கள்.

பேரனுக்கு இல்லாதது ஃபாக்டர் 13, ரத்தம் உறைய வேண்டிய புரதங்களில் ஒன்று. உறைந்த ரத்தத்தின் இழைகளை இறுக்கிப் பின்னுவது அதன் வேலை. உறைய ஆகும் நேரத்தை மட்டும் பார்க்கும் அந்த இரண்டு டெஸ்டிலும் இந்தக் குறை அகப்படாது. யூரியா கரைசலில் ரத்தக்கட்டியைப் போட்டு வைப்பார்கள், நல்ல கட்டி மறுநாளும் அப்படியே கிடக்கும், பேரனுடையது சில மணி நேரத்தில் கரைந்துபோனது. இப்போது நாலு வாரத்துக்கு ஒருமுறை கிரையோ, அதாவது தானமாகக் கிடைத்த ரத்தத்தின் பிளாஸ்மாவிலிருந்து பிரித்தெடுத்த, ஃபாக்டர் 13 உள்ள பகுதி, ஏற்றுகிறோம். ஃபாக்டர் 13 உடம்பில் பல நாள் தங்கும் என்பதால் அதுவே போதும், பையன் கட்டிலிலிருந்து குதித்துக்கொண்டிருக்கிறான்.

எல்லாக் குழந்தைக்கும் இந்த டெஸ்ட் வேண்டும் என்று நான் சொல்லவில்லை, செலவு கட்டாது. தாய்மாமனுக்கு ஹீமோஃபிலியா (ரத்தம் சரியாக உறையாத பரம்பரை நோய்) இருக்கிறதா, தாய் வலிப்பு மாத்திரை சாப்பிடுகிறாளா, எங்களைப் போல உறவுக்குள் மணம் முடித்துக் குழந்தையைப் பறிகொடுத்த குடும்பமா என்று முன்கூட்டியே கேட்டு, அந்தக் குழந்தைகளை மட்டுமாவது பார்க்கலாமே. ஹீமோஃபிலியா சந்தேகம் என்றால் ஊசி குத்தக்கூட வேண்டாம், பிரசவத்தின்போதே கொடியிலிருந்து ரத்தம் எடுத்து, அந்த நோயில் குறையும் ஃபாக்டர் 8 பார்த்துவிடலாம். (ஹீமோஃபிலியாவின் இன்னொரு வகையில் குறையும் ஃபாக்டர் 9 எல்லாப் பச்சைக்குழந்தைக்கும் குறைவாகவே இருக்கும், லேசான குறை என்றால் ஆறு மாதம் கழித்து மறுபடி பார்க்க வேண்டும்.) முன்பே தெரிந்தால் ஆயுதம் போட்டுக் குழந்தையை எடுப்பதையும் தவிர்ப்பார்கள்.

மகளை மாதாமாதம் செக்கப்புக்குக் கூட்டிப்போனோம். சர்க்கரை கேட்டார்கள், பிரஷர் கேட்டார்கள், இதை மட்டும் ஒருவரும் கேட்கவில்லை. சரி, நாங்களாவது சொல்லியிருக்கலாம். பாலாரிஷ்டத்தை டாக்டரிடம் யார் போய்ச் சொல்வார்கள்?

– ஒரு தாத்தா,
பெரம்பூர், சென்னை