கீல் வீதிப் பள்ளிக்கூடம்

அன்புள்ள குலசிங்கம்,

உமது கடிதம் வெள்ளிக்கிழமை கிடைத்தது. கறுப்பினப் பிள்ளைகளுக்கென்று, ஆபிரிக்க வரலாற்றையும் பண்பாட்டையும் நடுவில் வைத்துத் தனியாகப் பள்ளிக்கூடம் நடத்துவது, அந்த இனம் போராடி ஒழித்த நிறப்பாகுபாட்டைத் தானே கூப்பிட்டு வீட்டுக்குள் விடுவது ஆகாதா என்று கேட்டிருந்தீர். 2008 ஜனவரியில் ரொறன்ரோ பள்ளிச்சபை இதற்கு 11க்கு 9 என்ற வாக்குக் கணக்கில் அனுமதி கொடுத்தபோது நானும் இதையேதான் சொல்லிக்கொண்டு திரிந்தேன். கறுப்பின மாணவர்களில் ஏறத்தாழ 40 வீதமானோர் உயர்பள்ளியை முடிக்காமலே விலகுகிறார்கள் என்ற கணக்கு அப்போது எல்லோர் வாயிலும் இருந்தது. இருந்தும் என் மனம் ஒப்பவில்லை. மறு வருடம் செப்டம்பரில், கீல் வீதிக்குக் கிட்ட, ஷெப்பர்ட் வீதியில் இருந்த ஒரு பொதுப் பள்ளியின் கட்டடத்திலேயே அதைத் திறந்தார்கள்.

எங்கள் கட்டடத்தின் நான்காம் மாடியில் ஒரு ஜமேக்கா அம்மா இருக்கிறார். முன்பு படித்த இடத்தில் வாய்காட்டுகிறான் என்று வாரத்துக்கு இரண்டு தடவை வகுப்புக்கு வெளியே நிறுத்தப்பட்ட தன் பேரனை, ஸ்காபரோவிலிருந்து விடியமுன் வாகனங்கள் மாறி அங்கே கூட்டிப்போய் விட்டார். ஒருநாள் லிஃப்டில் அந்தப் பொடியன் சப்பாத்துப் பெட்டியில் வெட்டி ஒட்டிய வீடொன்றைப் பிடித்துக்கொண்டு நின்றான். என்னவென்று கேட்டதற்கு, "கூம்பா" என்றான். ஆக்கத்திறன் என்று பொருள்படும் சுவாஹிலிச் சொல் அது. அமெரிக்கக் கறுப்பினத்தவர் டிசம்பர் கடைசியில் கொண்டாடும் குவான்சாப் பண்டிகையின் ஏழு நெறிகளில் ஒன்று.

ஏன் சுவாஹிலி என்று நீர் கேட்பீர். அமெரிக்கக் கறுப்பினத்தவரின் மூதாதையரில் மிகப் பெரும்பாலானோர் ஆபிரிக்காவின் மேற்குப் பக்கத்திலிருந்து கொண்டுவரப்பட்டவர்கள். சுவாஹிலியோ கிழக்குக்கரை மொழி. எந்த ஒரு குலத்துக்கும் மட்டும் உரித்தில்லாத மொழி என்பதால்தான் அதைத் தெரிந்தெடுத்தார்கள்.

உமது கேள்விக்கு வருகிறேன். 1954இல் அமெரிக்க உச்ச நீதிமன்றம் பள்ளிகளில் நிறப்பிரிவினை கூடாது என்று தீர்ப்பளித்த பிறகு, தென்மாநிலங்களில் மூடப்பட்டவை பெரும்பாலும் கறுப்பினப் பள்ளிகளே. கறுப்பின ஆசிரியர்கள் பல்லாயிரம் பேர் வேலையிழந்தார்கள். கறுப்பினப் பிள்ளைகள் வெள்ளையரோடு ஒன்றாகப் படித்தார்கள், ஆனால் தங்களை அறிந்த ஆசிரியர் இல்லாமல் படித்தார்கள். 1968இல் புரூக்ளினின் ஓஷன் ஹில்–பிரவுன்ஸ்வில் பகுதியில் பள்ளி நிர்வாகத்தை ஊர்ச்சபையிடம் விட்டுப்பார்த்தபோது, அச்சபை சில ஆசிரியர்களை இடம்மாற்ற, நியூயோர்க் முழுவதும் ஆசிரியர் வேலைநிறுத்தம் வெடித்தது. அங்கே படிப்பித்த கறுப்பின ஆசிரியர் ஜிட்டு வெயூசி பின்னர் அரசாங்கப் பள்ளியை விட்டு வெளியேறி, 1970இல் உஹூரு சாசா என்ற பள்ளியைத் தொடக்குவதில் முன்நின்றார். 'இப்போதே விடுதலை' என்பது அப்பெயரின் பொருள். அரசு ஒதுக்கி வைப்பதும், பெற்றோர் தாமாகத் தேடிப் போவதும் ஒன்றல்ல என்று இதையெல்லாம் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது.

ஆனால் என்னை முழுதாகக் கவர்ந்தவர் சிக்காகோவின் கரோல் லீ. கவிஞர் ஹக்கி மதுபுட்டியோடு சேர்ந்து 1970களில் அங்கே சிறு பள்ளியொன்றை நிறுவியவர். 1998இல், கறுப்பினத் தலைவர் மல்கம் எக்ஸின் மனைவி பெட்டி ஷபாஸ் பெயரில் அரசு நிதியோடு இயங்கும் பள்ளியையும் தொடங்கினார்கள். கறுப்பின இளைஞர் தெருவில் ஒருவரையொருவர் மடக்கி நக்கலடிக்கும் பேச்சு உண்டு. சொல்வது ஒன்று, கருதுவது வேறு. லீ அந்தப் பேச்சையே உயர்பள்ளி வகுப்புக்குள் எடுத்துவந்தார். 'அவன் சொன்னது நேர்ப்பொருளில் இல்லை என்று உனக்கு எப்படித் தெரிந்தது?' என்று கேட்டு, பிள்ளைகளையே காரணம் சொல்லவைத்து, அதன்பின் அதே கேள்வியோடு நாவல்களுக்குள் அழைத்துப் போனார். வழமையான முறையில் படித்த வகுப்புகளைவிட இவர்கள் கூடுதலாக முன்னேறினார்கள். பொடியன் வாங்கிய தண்டனைகளை நினைத்துப் பாரும்: வாய்காட்டுதல் என்று வெளியே நிறுத்தப்பட்டது எதுவோ, அதுவே இங்கே பாடத்தின் வாசல்.

இப்படிப்பட்ட பள்ளிகளில் மேளமும் வண்ணத்துணியும் எகிப்தியப் பாரோ மன்னர்களின் பெருமையும் இலகுவான பகுதி. அதோடு நின்றுவிடும் பள்ளிகளும் இருக்கும் என்ற ஐயம் எனக்கு இன்னும் போகவில்லை. கீல் வீதிப் பள்ளியிலும் பிள்ளைகளின் தொகை பிற்பாடு குறைந்துபோனது. அத்தனை தூரம் எத்தனை பேர் வருவார்கள்? பெரும்பாலான கறுப்பினப் பிள்ளைகள் சாதாரணப் பள்ளிகளில்தான் இருக்கிறார்கள்.

நீர் முப்பது வருடம் தமிழ் படிப்பித்தவர். வஞ்சப்புகழ்ச்சியை எங்கிருந்து தொடங்குவீர், செய்யுளிலிருந்தா, சந்தைப் பேச்சிலிருந்தா? மறக்காமல் எழுதும்.

அன்புடன்,
தேவராசா