அரைப்படி நெல்லும் ஒரு நாவலும்

ஆசிரியருக்கு,

1968 டிசம்பர் 25 இரவு, கீழத்தஞ்சையின் கீழவெண்மணி கிராமத்தில் ஒரே குடிசைக்குள் 44 பேர் எரிந்துபோனார்கள். பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும். விவசாயக் கூலிகள் கேட்டது அரைப்படி நெல் கூடுதலாக. கம்யூனிஸ்டுகளின் செங்கொடிச் சங்கத்தை விட்டு விலகவும் மறுத்தார்கள்.

தீ வைத்ததாகக் குற்றம்சாட்டப்பட்ட வசதியான மிராசுதார்கள் (நிலவுடைமையாளர்கள்) தாங்களே நடந்து வந்து தீ வைத்திருப்பார்களா என்ற சந்தேகம் உயர்நீதிமன்றத் தீர்ப்பில் எழுந்தது. அவர்கள் விடுதலையானார்கள். இந்தச் சம்பவத்தை வைத்து இந்திரா பார்த்தசாரதி எழுதிய 'குருதிப்புனல்' நாவலோ பண்ணையாரின் ஆண்மைக் குறையில் காரணத்தைத் தேடியது. நல்ல நாவல்தான், சரி. ஆனால் கூலியும் சாதியும் அங்கே பின்னுக்குப் போய்விட்டதை என்னால் ஏற்க முடியவில்லை. ஒரு மனிதனின் மனக்கோணலை மட்டும் பார்த்தால், அன்று கூட்டமாக வந்தவர்களை எப்படிப் புரிந்துகொள்வது? கல்லூரிகளில் இந்த நாவலோடு அந்தத் தீர்ப்பையும் சேர்த்துப் படிக்க வைக்க வேண்டும்.

ஒரு வாசகர், தஞ்சாவூர்