3டி படத்தில் உள்ள நிறத்தைப் பெயிண்ட் கடையில் கேட்காதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். சென்ற வார வீடு-மனை இணைப்பில் ஒரு வாசகர், 3டி படத்தில் காட்டிய நிறம் சுவரில் வரவில்லை, பெயிண்டர் ஏமாற்றிவிட்டார் என்று எழுதியிருந்தார். அவர் வருத்தம் நியாயம்தான், ஆனால் திட்டு தப்பான ஆளுக்குப் போயிருக்கிறது. நான் கும்பகோணத்தில் எலிவேஷன் படம், அதாவது கட்டப்போகும் வீட்டின் முகப்பைக் கணினியில் காட்டும் 3டி படம், போட்டுக் கொடுக்கிறவன். அந்தப் படங்களைத் தயாரிக்கிற கூட்டத்தில் ஒருவனே பெயிண்டர் பக்கம் நின்று பேசுகிறேன் என்றால் கொஞ்சம் காது கொடுத்துக் கேட்கலாம்.

ரெண்டர் படத்தில், அதாவது மென்பொருள் வெளிச்சத்தைக் கணக்கிட்டு உருவாக்கும் படத்தில், சுவர் மேல் தெரிவது வெறும் பெயிண்டின் நிறம் இல்லை. பெயிண்ட், அதன் மேல் விழும் வெயில், தரையில் பட்டு மேலே எகிறி வரும் வெளிச்சம், மென்பொருளுக்குள் இருக்கும் கேமராவின் எக்ஸ்போஷர் (எவ்வளவு வெளிச்சத்தை வாங்குகிறது), வொய்ட் பேலன்ஸ் (எதை வெள்ளையாக எடுத்துக்கொள்கிறது), கடைசியில் வீட்டுக்காரர் "இன்னும் கொஞ்சம் பளிச்சுன்னு இருக்கலாமே" என்று சொன்னதற்காக போட்டோஷாப்பில் ஏற்றிய சாச்சுரேஷன் (நிறச் செறிவு) என்று எல்லாம் சேர்ந்ததுதான் அது. போதாததற்கு முக்கால்வாசி எலிவேஷன் படங்களைச் சாயங்கால மஞ்சள் வெயிலில்தான் போடுவோம், ஏனென்றால் அந்த வெளிச்சத்தில் எந்த வீடும் அழகு.

இப்போது நடப்பதைப் பாருங்கள். அந்தப் படம் வாட்ஸ்அப்பில் வருகிறது, வெயில் படும் இடத்தில் கலர் பிக்கரை (படத்தின் ஒரு புள்ளியின் நிறத்தை எண்ணாகச் சொல்லும் கருவி) வைத்து ஒரு எண்ணை எடுக்கிறார்கள், அதைக் கடையில் கொடுத்தால் கடைக்காரர் கிட்டத்தட்டப் பொருந்தும் ஷேடைத் தேடித் தருகிறார். அந்த எண்ணுக்குள் ஏற்கெனவே மாலை வெயில் இருக்கிறது. அந்த வெயிலையும் சேர்த்து டப்பாவில் கலந்து சுவரில் அடித்தாயிற்று, இனி அதன் மேல் நிஜ வெயில் வேறு விழும். க்ரீம் கேட்டவர் வீடு மாம்பழ மஞ்சளாக நிற்பது இப்படித்தான், இதில் பெயிண்டர் என்ன செய்வார்?

அப்புறம், திரையில் நிறம் உண்டாகும் முறையே வேறு. சிவப்பு, பச்சை, நீலம் என்று மூன்று ஒளியைக் கூட்டித்தான் திரை நிறம் காட்டுகிறது. பெயிண்டில் இருக்கும் நிறமியோ விழுகிற வெளிச்சத்தில் ஒரு பங்கை விழுங்கிவிட்டு மிச்சத்தைத் திருப்பி அனுப்புகிறது. மஞ்சள் ஒளியும் நீல ஒளியும் சரியான அளவில் சேர்ந்தால் வெள்ளை, டப்பாவில் மஞ்சளும் நீலமும் சேர்ந்தால் பச்சை. ஆகவே திரையின் சிவப்பு-பச்சை-நீல அளவுகளான ஆர்ஜிபி எண்களைக் கூட்டி வகுத்துப் பெயிண்ட் கலக்க முடியாது. ஒவ்வொரு நிறமியும் எவ்வளவு விழுங்கும், எவ்வளவு சிதறடிக்கும் என்று இரண்டையும் பார்க்க வேண்டும். குபெல்கா, முங்க் என்ற இருவர் 1931-இல் கொடுத்த கணக்குதான் நிறம் பொருத்தும் மென்பொருள்களுக்கு இன்றும் அடிப்படை.

கடையில் நிறம் கலக்கும் டின்டிங் மெஷின் ஓடும்போது கொஞ்சம் நின்று பாருங்கள். வெள்ளை பேஸில், அதாவது நிறம் சேர்க்கும் முன் இருக்கும் அடிப்படைப் பெயிண்டில், இருப்பது டைட்டானியம் டை ஆக்சைடு என்ற வெள்ளை நிறமி. க்ரீம், சாம்பல், சந்தனம் மாதிரியான ஷேடுகள் பெரும்பாலும் அதில் மஞ்சள் ஆக்சைடும் சிவப்பு ஆக்சைடும் கருப்பும் துளித்துளியாக விழுந்து வருபவைதான், அதில் கருப்பு ஒரு சொட்டு கூடிப்போனாலே புதுச் சுவர் அழுக்காகத் தெரியும். அடர் நிறம் வேண்டுமானால் வெள்ளை குறைந்த வேறு பேஸ் வாங்க வேண்டும், வெள்ளை பேஸில் எவ்வளவு சிவப்பை ஊற்றினாலும் ரோஸில்தான் போய் நிற்கும். இன்னொன்று, எமல்ஷன் ஈரமாக இருக்கும்போது அதிலுள்ள, நிறமியைச் சுவரோடு ஒட்டவைக்கும் பைண்டர் வெள்ளையாகக் கலங்கி இருக்கும், காய்ந்ததும் தெளிந்துவிடும், அதனால் நிறம் ஒரு படி அடர்த்தியாகும். அடித்த கையோடு "இது ரொம்ப வெளிறல்" என்று சண்டைக்குப் போகிறவர்கள் மறுநாள் காலை வரை பொறுக்கலாம்.

எங்கள் தொழிலில் நடக்கும் கூத்தையும் சொல்ல வேண்டும். வீட்டை 3டியில் வரையும் ஸ்கெட்ச்அப் மென்பொருளில் ஊரை நாமாக மாற்றாவிட்டால் அது அமெரிக்காவின் கொலராடோ மாநிலத்தில் உள்ள போல்டர் நகரத்து வெயிலைப் போட்டுக்கொண்டிருக்கும். அந்த ஊர் 40 டிகிரி வடக்கில், கும்பகோணம் 11 டிகிரியில். டிசம்பர் கடைசியில் உச்சிப்பொழுதுக்கு அங்கே சூரியன் 27 டிகிரி உயரம்கூட ஏறாது, இங்கே 55 டிகிரியைத் தாண்டும். ஜூன் மதியத்தில் இங்கே சூரியன் வடக்குப் பக்கம் சாய்ந்து நிற்கும், அந்த ஊரில் அது எப்போதும் தெற்கேதான். வடக்கு பார்த்த வீட்டுக்கு ஊரை மாற்றாமல் ஜூன் மதியப் படம் போட்டால் முகப்பு முழுக்க நீலம் பாய்ந்த நிழலில் இருக்கும், நிஜத்தில் அதே சுவரை வெயில் உரசிக்கொண்டு இறங்கும். எத்தனை பேர் ஊரை மாற்றுகிறார்கள் என்று கேட்காதீர்கள்.

அறைக்குள்ளே போனால் வேறு கதை. வெள்ளைச் சுவர் என்றதும் சிவப்பு, பச்சை, நீலம் மூன்றுக்கும் 0 முதல் 255 வரையிலான அளவில் உச்சமான 255, 255, 255 என்று போட்டுவிடுகிறார்கள். அதற்கு அர்த்தம், விழும் ஒளி முழுவதையும் சுவர் திருப்பித் தருகிறது என்பது. நிஜ வெள்ளைப் பெயிண்ட் பொதுவாக 80, 85 சதவீதம், ரொம்ப நல்ல வெள்ளையானால் அதற்கு மேலே கொஞ்சம், அவ்வளவுதான். இதனால் படத்தில் வெளிச்சம் சுவருக்குச் சுவர் குறையாமல் துள்ளி, ஒரே ஜன்னல் வைத்த அறைகூடப் பளபளக்கும். குடிபோனால் மூலை இருட்டு. நடுச் சாம்பலான 128-ஐயும் பாதி வெளிச்சம் என்று நினைக்கிறார்கள், உண்மையில் அது 22 சதவீதம்தான், இந்த இடத்தில் காமா (எண்ணை ஒளி அளவாக மாற்றும் கணக்கு) குழம்பினால் சுவரே வெளுத்துப்போகும். விளக்கும் அப்படித்தான். ஹால் படத்தை 3000 கெல்வின் மஞ்சள் விளக்கில் காட்டுவார்கள், வீட்டில் மாட்டுவது 6500 கெல்வின் வெள்ளை டியூப்லைட்.

பக்கத்துப் பரப்பின் நிறம் சுவரில் ஏறுவதையும் மறக்கக் கூடாது. அமெரிக்காவின் கார்னெல் பல்கலைக்கழகத்தில் 1984-இல் ஒரு பெட்டியை வைத்து, நிறமுள்ள பக்கச் சுவரின் சாயல் பக்கத்திலுள்ள வெள்ளைப் பரப்பில் ஏறுவதைக் கணினியில் காட்டினார்கள். சிவப்பு ஆக்சைடு தரை போட்ட நம் பழைய வீடுகளில் சுவரின் கீழ்ப்பாதி லேசாகச் சிவந்து தெரிவதும் இதுவேதான். பக்கத்து வீட்டுக்காரர் கிளிப்பச்சை அடித்திருந்தால் உங்கள் வெள்ளைச் சுவரிலும் அவருக்குப் பங்கு உண்டு, ஆனால் அவர் வீட்டை எந்த 3டி படத்திலும் நாங்கள் வைப்பதில்லை.

எனவே படம் வாங்குகிறவர்கள் கலர் பிக்கரைத் தொடாமல், எந்த ஷேடு எண்ணை வைத்துச் சுவர் போட்டீர்கள் என்று எங்களிடமே கேளுங்கள், எந்த மெருகும் ஏற்றாத மதிய வெளிச்சப் படம் ஒன்றையும் கேட்டு வாங்குங்கள். அப்புறம் பட்டியும் பிரைமரும் முடிந்த சுவரில், எந்தப் பக்கத்துக்கு அடிக்கப்போகிறீர்களோ அதே பக்கத்தில், இரண்டடிக்கு இரண்டடி இரண்டு கோட் அடித்துக் காயவிட்டு, காலை, மதியம், விளக்கு போட்ட பிறகு என்று பார்த்து முடிவு செய்யுங்கள். பெரிய சுவரில் நிறம் ஷேடு கார்டில் தெரிவதைவிடத் தூக்கலாகத் தெரியும், அதனால் சந்தேகம் இருந்தால் ஒரு படி வெளிறலான ஷேடே நல்லது. பல பக்கெட் வாங்கினால் எல்லாவற்றையும் பெரிய டிரம்மில் ஒன்றாகக் கொட்டிக் கலக்கச் சொல்லுங்கள்.

உங்கள் இதழுக்கும் ஒரு வேண்டுகோள். இணைப்பில் இந்தப் படங்கள் மங்கலான நியூஸ்பிரின்டில் அச்சாகும்போது நிறம் இன்னொரு தடவை மாறுகிறது, அந்தப் பக்கத்தைக் கிழித்துக்கொண்டு கடைக்குப் போகிறவர்களும் இருக்கிறார்கள். படத்தின் கீழே 'கணினிப் படம், மாலை வெளிச்சம்' என்று ஒரு வரியும், கிடைத்தால் ஷேடு எண்ணும் போடுங்கள். விளம்பரப் பக்கங்களுக்கும் சேர்த்துத்தான் கேட்கிறேன், விளம்பரதாரர்கள் முகம் சுளிப்பார்கள் என்று தெரிந்தேதான்.

இப்படிக்கு,
எலிவேஷன் படம் போடும் ஒரு வாசகர், கும்பகோணம்