தங்க முலாம் பற்றிக் கேட்டிருந்தாய்

கண்ணு,

மூன்று ஞாயிறாகப் போன் இல்லை. புதன்கிழமை ஒரு படம் மட்டும் வந்தது. தங்க முலாம் பூசிய 12 துளை குரோமாட்டிக் மௌத் ஆர்கன், பொத்தானை அமுக்கினால் அரைச்சுரமும் பேசுகிறது; கீழே “இதை வாங்கினாலாவது எனக்கு வருமா அம்மா?” என்று ஒரு வரி. விலை இருக்கும் இடத்தை வெட்டிவிட்டு அனுப்பினால் எனக்குத் தெரியாதா? அக்காவை விட்டுத் தேடிப் பார்த்துவிட்டேன். அதே மாடல், துளைகள் வெட்டிய நடுக்கட்டையான காம்ப் அதே, அதிர்ந்து பேசும் நாக்கான ரீட்டும் அதே 48, நிக்கல் பூசிய கவரில் கிட்டத்தட்ட பாதி விலைக்குக் கிடைக்கிறது.

தங்கம் என்றதும் மயங்காதே, கணக்குப் போடு. மேலும் கீழும் மூடும் இரண்டு கவரும் உதடு வைக்கும் மௌத்பீஸும் சேர்த்து வெளிப்பரப்பு சுமார் 100 சதுர செ.மீ. இந்த மாதிரி அலங்கார முலாம் பெரும்பாலும் ஒரு மைக்ரான் கனம்கூட வராது. அரை மைக்ரான் என்றே வை. மொத்தத் தங்கம் 0.1 கிராம், ஒரு குண்டுமணி எடைகூட இல்லை. அதற்கா அவ்வளவு காசு?

ஒலிக்கும் முலாமுக்கும் சம்பந்தமில்லை. சுருதி கொடுப்பது உள்ளே இருக்கும் பித்தளை ரீட். காற்று ஒழுகாமல் நிற்பது காம்பும், ரீட்டைத் தாங்கும் ரீட் பிளேட்டும், பொத்தானோடு நகரும் ஸ்லைடும் ஒன்றோடொன்று பொருந்துவதில். கவரின் வடிவமும் பின்பக்கத் திறப்பும் ஒலியைக் கொஞ்சம் மாற்றும், அதன் நிறம் மாற்றாது. விலை கூடிய மாடலில் ரீட் பிளேட் கனமாக இருந்தாலோ, ஆணிக்குப் பதில் ஸ்க்ரூ போட்டிருந்தாலோ, மரத்துக்குப் பதில் நீர் குடிக்காத காம்ப் இருந்தாலோ அது வேறு பேச்சு. மரம் எச்சில் குடித்து உப்பினால் பல்பல்லாக வெளியே நீட்டிக்கொண்டு உதட்டைக் கிழிக்கும். கடையில் கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: நிறம் தவிர உள்ளே என்ன வித்தியாசம்? பதில் இல்லையென்றால் நிக்கல் கவரையே வாங்கு, மௌத்பீஸை மட்டும் பார்த்து எடு.

முலாமுக்கு நியாயமான இடம் ஒன்று உண்டு, மௌத்பீஸ். தங்கம் எச்சிலில் கறுக்காது, வெள்ளி கறுக்கும். உதடும் வழுக்கிக்கொண்டு போகும், குரோமாட்டிக்கில் தாவித் தாவி வாசிக்கிறவர்களுக்கு அது சுகம். ஆனால் உனக்கு அதிலும் ஒரு சிக்கல். வாட்ச் பட்டையின் நிக்கலுக்கு மணிக்கட்டு அரித்து நீ பட்ட பாடு மறந்துபோச்சா? அக்காவின் கவரிங் கம்மல் கதையும் அதேதான். தங்க முலாமுக்கு அடியில் பெரும்பாலும் நிக்கல்தான் பூசியிருப்பார்கள். உதடு படும் விளிம்பில்தான் முலாம் முதலில் தேயும். தேய்ந்தால் உன் வாயில் நிக்கல். நல்ல எவர்சில்வர் மௌத்பீஸ் கிடைத்தால் பார். ரீட்டே எவர்சில்வரில் செய்கிறவர்கள்கூட உங்கள் ஜெர்மனியில், கிளிங்கென்தாலில் இருக்கிறார்கள். மௌத் ஆர்கன் கம்பெனி ஹோனர் 1857இல் தொடங்கிய ட்ரோஸிங்கன் ஊர் நீ இருக்கும் ஸ்டுட்கார்ட்டிலிருந்து ரயிலில் போய்வரும் தூரம்தான், அங்கே மௌத் ஆர்கனுக்கும் அக்கார்டியனுக்கும் என்றே ஒரு மியூசியமும் உண்டு. தனியாக இருக்கும் சனிக்கிழமையில் ஒரு நடை போய்விட்டு வாயேன்.

எதை வாங்கினாலும், பணம் கொடுக்கும் முன் பெல்லோஸ் என்கிற துருத்தி வைத்து ஊதிக் காட்டச் சொல். வாயில் வைத்ததைக் கடைக்காரன் திரும்ப எடுக்க மாட்டான். வீட்டுக்கு வந்ததும் ஸ்லைடு வெளியே ஒரு முறை, உள்ளே ஒரு முறை, ஊதியும் இழுத்தும் 48ஐயும் மூச்சு விடுகிற அளவு மெல்லப் பேசவை. மெல்ல ஊதினால் பேசாமல் ஓங்கினால்தான் பேசுகிறது என்றால் ரீட்டின் இடைவெளி அதிகம். ஓங்கினால் அடைத்துக்கொண்டால் குறைவு. ரீட்டின் நுனி, பிளேட்டிலிருந்து தன் கனம் அளவுக்குத் தூக்கி நின்றால் போதும், நீளமான கீழ்ச்சுருதி ரீட்டுக்கு இன்னும் கொஞ்சம். சுருதி பிசகியிருந்தால் 0.05 மி.மீ. தகட்டை அடியில் கொடுத்து, கூட்ட நுனியிலும் குறைக்க ரிவெட் பக்கமும் சுரண்ட வேண்டும். இரண்டே இழுப்பு, பிறகு ஊதிப் பார். அவசரப்பட்டால் ரீட் போய்விடும்.

அங்கே குளிர். சில்லென்ற குரோமாட்டிக்கில் மூச்சுப்பட்டால் உள்ளே நீர்கோத்து, ரீட்டின் துளையை மூடும் மெல்லிய வால்வு ஒட்டிக்கொண்டு டப் டப்பென்று சத்தம் வரும். பத்து நிமிஷம் சட்டைக்குள் வைத்துச் சூடேற்றிவிட்டு ஊது. வாசித்து முடித்ததும் உள்ளங்கையில் தட்டி எச்சிலை எடு. முலாமை பாலிஷ் போட்டுத் தேய்க்காதே, இருக்கிற குண்டுமணியும் போய்விடும்.

ஒற்றை அறைக்கு மாறிவிட்டாய் என்று அக்கா சொன்னாள். அங்கெல்லாம் சுவர் மெல்லிசாக இருக்குமாமே, இரவு பத்துக்கு மேல் ஊதாதே. வேறொன்றும் நான் கேட்கவில்லை.

திரும்பத் திரும்பச் சொல்கிறேன் என்று சலித்துக்கொள்ளாதே: உள்ளே பார்த்து வாங்கு. வெளியே பார்த்து வாங்கினவள்தான் நான். ஒன்பதாவது படிக்கும்போது உனக்கு வாங்கித் தந்தேனே, தங்க நிறப் பத்துத் துளை, அது. நாலு, அஞ்சு, ஆறு மூன்றும் உனக்குப் பேசவே இல்லை. ஊரில் யாருடைய மௌத் ஆர்கன் மக்கர் செய்தாலும் நம் வீட்டுக்குத்தான் வரும். உன்னுடையதைப் பார்த்து மட்டும் “உனக்கு மூச்சு பத்தலை” என்றேன். நீ தூங்கின பிறகு திறந்தும் பார்த்தேன். மூன்று துளையிலும் ரீட் எக்கச்சக்கமாகத் தூக்கி நின்றது. பத்து நிமிஷ வேலை. அடுத்த வருஷம் பத்தாவது, இதையே ஊதிக்கொண்டிருந்தால் கணக்கு போய்விடும் என்று மூடி வைத்துவிட்டேன். உன் மூச்சில் ஒரு குறையும் இல்லை, கண்ணு. அன்றைக்கும் இல்லை.

அதை நேற்று பீரோவிலிருந்து எடுத்துச் சரிசெய்துவிட்டேன், மூன்றும் பேசுகிறது. புதிது வாங்கியதும் ஞாயிற்றுக்கிழமை கூப்பிடு. போனை மேஜைமேல் வைத்துவிட்டு முதல் துளையிலிருந்து ஒவ்வொன்றாக ஊது. எது பிசகு என்று இங்கிருந்தே சொல்கிறேன். 48 இருக்கிறது, நேரமாகும். சாப்பிட்டுவிட்டு உட்கார்.

அம்மா