கஜராஜை ஏலம் விடுவதற்கு முன்

மதிப்பிற்குரிய பாதுகாப்பு அமைச்சக அதிகாரிகளுக்கு,

வணக்கம். 2025 செப்டம்பர் 26 அன்று சண்டிகரில் மிக்-21 போர் விமானங்களுக்கு நடந்த வழியனுப்பு விழாவைக் கண்டு மகிழ்ந்தவர்களில் நானும் ஒருவன். சரக்கு விமானங்களுக்கு இந்த மரியாதை கிடைக்குமா என்ற கவலையும் அன்றே தொற்றிக்கொண்டது. 1985 முதல் நம் விமானப்படையில் உழைத்துவரும் இல்-76 சரக்கு ஜெட் விமானங்களில், அதாவது கஜராஜ்களில், ஒன்றையாவது ஓய்வுக்குப் பின் முழு உருவில் பாதுகாக்க வேண்டும். அந்த முடிவை அது பறக்கும் நிலையில் இருக்கும்போதே எடுக்க வேண்டும்.

1988 நவம்பர் 3 இரவு, மாலத்தீவில் நடந்த ஆட்சிக்கவிழ்ப்பு முயற்சியை முறியடிக்க, ஆக்ராவிலிருந்து பாராசூட் படையினரை ஏற்றிச் சென்று அங்குள்ள ஹுலுலே ஓடுபாதையில் இருட்டில் இறங்கியவை இவைதாம் என்பதையும், லடாக்கின் லே வரை டி-72 டாங்கிகளைச் சுமந்தவை இவைதாம் என்பதையும் தாங்கள் அறிவீர்கள்.

ஓய்வுபெற்ற சரக்கு விமானத்திலிருந்து இன்ஜின்களும் சக்கரங்களும் கருவிகளும் மற்ற விமானங்களுக்கு உதிரிப்பாகங்களாகக் கழற்றப்படுவதில் தவறில்லை. ஆனால் நான்கு இன்ஜின்களும் போன பிறகு, 46 மீட்டர் நீளமும் 50 மீட்டர் இறக்கை விரிவும் கொண்ட வெற்றுக்கூட்டை எந்தச் சாலை வழியே கொண்டுபோவது? அந்நிலையில் அருங்காட்சியகத்துக்குக் கேட்டால், செலவு கட்டுப்படியாகாது என்ற பதில் நியாயமானதாகவே தோன்றும். மூக்கின் அடியில் நேவிகேட்டர் அமர்ந்து தரையைப் பார்க்கும் கண்ணாடிக் கூண்டு உட்பட அனைத்தும் துண்டுபோடப்பட்டு எடைக்குப் போய்விடும்.

கடற்படை இதைச் சரியாகச் செய்திருக்கிறது. 2017 மார்ச்சில் அரக்கோணம் ஐ.என்.எஸ். ராஜாளி கடற்படை விமானத் தளத்தில் விடைபெற்ற டியு-142 கடல் கண்காணிப்பு விமானங்களில் ஒன்று தானே பறந்து விசாகப்பட்டினம் சேர்ந்தது. அங்கே பிரித்துக் கடற்கரைக்குக் கொண்டுபோய் மீண்டும் பூட்டினார்கள். அதே ஆண்டு டிசம்பரில் அது அருங்காட்சியகமாகிவிட்டது. முடிவு முன்கூட்டியே எடுக்கப்பட்டதால்தான் இது நடந்தது.

போர் விமானம் என்றால் நாற்சந்தித் தூணிலாவது ஏற்றி, திறப்பு விழா முடிந்ததும் காக்கைகளிடம் ஒப்படைத்துவிடுகிறோம். சோறும் மருந்தும் ஆளும் சுமந்ததற்கு அந்தத் தூண்கூடக் கிடையாது போலும்! இந்த வார்த்தைகள் சற்று வரம்பு மீறியிருந்தால் பொறுத்தருள வேண்டுகிறேன்.

பாதுகாக்க வேண்டிய விமானம் எது, அது கடைசியாக எங்கே இறங்க வேண்டும் என்பதை ஏல அறிவிப்புக்கு முன்பே, அது பறக்கும் நிலையில் இருக்கும்போதே, தீர்மானித்து அறிவியுங்கள். அதன் பராமரிப்புப் பதிவேடுகளையும் அழிக்காமல் உடன் அனுப்பிவைக்கப் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
வரி செலுத்தும் குடிமகன் ஒருவன்