தண்ணீர் காரைப் படம்பிடிக்கக் கிளம்பும் முன்

தமிழ்ச் செய்தித் தொலைக்காட்சி ஆசிரியர்களுக்கும் யூடியூப் செய்தியாளர்களுக்கும், எஞ்சின் வேலை தெரிந்தவர்கள் எழுதும் திறந்த மடல்.

வணக்கம்.

அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்து ஸ்டான்லி மேயர் தண்ணீரில் பக்கி வண்டி (மணல்வெளியில் ஓட்டும் சிறு திறந்த கார்) ஓட்டினார், அதனால் கொல்லப்பட்டார் என்ற கதையை அடிக்கடி ஒளிபரப்புகிறீர்கள். அதில் 1996 வழக்கு விடுபட்டுப்போகிறது. பணம் போட்ட இருவர் வழக்குத் தொடுத்தார்கள். நிபுணர்கள் அவருடைய கருவியைப் பார்த்துவிட்டு, இது சாதாரண மின்னாற்பகுப்புதான், அதாவது மின்சாரத்தால் தண்ணீரை ஹைட்ரஜனாகவும் ஆக்சிஜனாகவும் பிரிப்பதுதான் என்றார்கள். மோசடி என்று தீர்ப்பளித்த நீதிமன்றம் 25,000 டாலரைத் திருப்பித் தரச் சொன்னது. 1998-இல் அவர் இறந்ததற்கு மூளை ரத்தக்குழாய் வீக்கமே காரணம் என்று மரண விசாரணை அதிகாரி பதிவு செய்தார். 2012-இல் பாகிஸ்தானில் ஆகா வகார் அகமது இதே உரிமைகோரலோடு வந்தபோதும் கேமராக்கள் அவர் பின்னால்தான் ஓடின.

ஆளைத் தேடுவதை விட்டு ஆற்றலைத் தேடுங்கள் என்பதே எங்கள் வேண்டுகோள். ஹைட்ரஜன் எரிந்து முடிந்தால் வருவதுதான் தண்ணீர். 1 லிட்டர் தண்ணீரைப் பிரிக்க நடைமுறையில் ஐந்தரை யூனிட் மின்சாரம் ஆகும். கிடைக்கும் 111 கிராம் ஹைட்ரஜனை எஞ்சினில் எரித்து ஆல்டர்னேட்டரை (வண்டியில் மின்சாரம் தயாரிக்கும் கருவி) சுழற்றினால் திரும்ப வருவது 1 யூனிட்கூட இல்லை.

தண்ணீரைப் பிரித்து வரும் வாயுவை எஞ்சினுக்கு அனுப்புவதாகச் சொல்லிச் சந்தையில் விற்கும் 'ஹெச்ஹெச்ஓ கிட்' கணக்கையும் பாருங்கள். தண்ணீரைப் பிரிக்கும் ஆறு செல்களைத் தொடராக இணைத்து 20 ஆம்பியர் செலுத்தினால் நிமிடத்துக்குச் சுமார் ஒன்றேகால் லிட்டர் வாயு வரும், அதில் ஹைட்ரஜன் 1 லிட்டருக்கும் குறைவு. மணிக்கு 4 லிட்டர் பெட்ரோல் குடிக்கும் காருக்கு ஈடுகட்ட நிமிடத்துக்கு ஏறத்தாழ 200 லிட்டர் ஹைட்ரஜன் வேண்டும். மீதி எங்கிருந்து வருகிறது என்று கேளுங்கள்.

பெரும்பாலும் விடை வண்டியிலேயே இருக்கும். லிட்டருக்கு 50 கிலோமீட்டர் தரும் பைக்குக்கு, 5 கிலோமீட்டர் ஓட 100 மில்லி பெட்ரோல் போதும். டேங்க் குழாயை மூடிவிட்டாலும் கார்புரேட்டரின் ஃப்ளோட் சேம்பர் என்ற சிறு அறையில் தேங்கியிருக்கும் பெட்ரோலை வைத்தே சற்று தூரம் ஓடும். ஆகவே தெருமுனை வரை ஓட்டிக் காட்டுவது எதையும் நிரூபிக்காது. தண்ணீர்த் தொட்டியில் கால்சியம் கார்பைடு போட்டிருந்தால் அசிட்டிலீன் வரும். பூண்டு நாற்றமும் சுண்ணாம்புக் குழம்பும் அதைக் காட்டிக்கொடுக்கும். அலுமினியமும் காஸ்டிக் சோடாவும் போட்டால் ஹைட்ரஜன் உண்மையாகவே வரும். ஆனால் அங்கே தீர்ந்துபோகும் எரிபொருள் அலுமினியம்.

படம்பிடிப்பதற்கு முன் பெட்ரோல் டேங்க், டியூப், கார்புரேட்டர் மூன்றையும் கழற்றி வடித்துவிடுங்கள். தண்ணீரை நீங்களே கொண்டுபோய், தொட்டியைக் கழுவி ஊற்றுங்கள். பேட்டரி ஒயரில் மின்னோட்டத்தை அளக்கும் கிளாம்ப் மீட்டர் மாட்டி, ஓட்டத்துக்கு முன்னும் பின்னும் சார்ஜ் பாருங்கள். வண்டிக்குச் சீல் வைத்து 200 கிலோமீட்டராவது ஓட்டுங்கள், வழியில் கண்டுபிடிப்பாளர் தொடக்கூடாது. இதற்கு ஒப்பாதவரின் பேட்டியைத் தயவுசெய்து தள்ளிவையுங்கள்.

டொயோட்டா மிராய் போன்ற ஹைட்ரஜன் கார்கள் உண்மைதான். ஆனால் 5.6 கிலோ ஹைட்ரஜனை வேறெங்கோ தயாரித்து, 700 பார் அழுத்தத்தில் நிரப்பிக்கொண்டுதான் அவை ஓடுகின்றன.

எங்களை மிகவும் வாட்டுவது பள்ளிப் பிள்ளைகள்தான். உங்கள் காணொளியைப் பார்த்துவிட்டு எவர்சில்வர் தட்டையும் உப்புத் தண்ணீரையும் எடுத்து மின்சாரம் பாய்ச்சுகிறார்கள். உப்பு போட்டால் நச்சான குளோரின் வாயு வரும். தட்டு கரைந்து தண்ணீர் மஞ்சளாகப் பழுப்பேறினால், அதில் நச்சுள்ள குரோமியம் இருக்கக்கூடும். பாட்டிலில் சேர்த்துவைத்த ஹைட்ரஜன்–ஆக்சிஜன் கலவை ஒரு சிறு பொறியில் வெடிக்கும், தீ குழாய் வழியே பின்னோக்கியும் பாயும். ஏற்கெனவே வெளியிட்ட செய்முறைக் காட்சிகளை நீக்குங்கள். முடியாவிட்டால் இந்த எச்சரிக்கையையாவது முதல் நொடியிலேயே திரையில் போடுங்கள்.